பித்தளை மிஞ்சும், பஞ்சு எரியும்

ஆவடியில் சீருடை கண்ணில் படாமல் ஒரு தெருவைக் கடப்பது கடினம். சி.ஆர்.பி.எஃப். முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள், விமானப்படை நிலையம், ஊர்வாயில் டேங்க் ஃபேக்டரி ஆகிவிட்ட கனரக வாகனத் தொழிற்சாலை என ஊரின் கணிசமான பகுதி வேலிக்குள் இருக்கிறது. டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற காவலர் யாரிடமாவது துப்பாக்கிப் பயிற்சியைப் பற்றிக் கேட்டால், குறி பார்த்த கதையைவிடக் குனிந்து பொறுக்கிய கதையைத்தான் அதிகம் சொல்வார். ஃபயரிங் முடிந்ததும் காலி கேஸ்களைப் பொறுக்க வேண்டும். இருபது ரவுண்டு வாங்கியவர் இருபது காலி கேஸ் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லைக் கிளறித் தேடியாக வேண்டும், வெயில் எப்படி இருந்தாலும் சரி.

சுட்டு முடிந்த வெற்று உலோகக் குப்பிக்கு ஏன் இத்தனை கணக்கு? முதல் காரணம் எல்லாருக்கும் தெரியும்: சுட்டதாகச் சொல்லிவிட்டு ஒரு தோட்டாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகக் கூடாது. இரண்டாவது காரணம் பணம். அந்தக் குப்பி நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. 5.56 மி.மீ. தோட்டாவின் காலி கேஸ் ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். அதில் 4 கிராமுக்குச் சற்று மேல் செம்பு. செம்பு டன்னுக்கு 10,000 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று வட்டமாக வைத்துக்கொண்டால், செம்பின் மதிப்பு மட்டும் ஒரு கேஸுக்கு மூன்றரை ரூபாய். பட்டாலியன் முழுக்கச் சுட்டால் மூட்டை மூட்டையாகச் சேரும். 2024 மே மாதம் லண்டன் உலோகச் சந்தையில் செம்பு டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. இந்தியாவுக்கு இந்த விலையேற்றம் முன்பைவிட அதிகமாக உறைக்கிறது. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு, ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு உருக்கும் திறன் கொண்ட ஸ்டெர்லைட் ஆலை மூடப்பட்டது. செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு இறக்குமதி செய்யும் நாடானது. ஆலை மூடியது சரியா தவறா என்பது வேறு விவாதம். பித்தளையின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு அந்த நாள்களைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் இதே காலி கேஸை வீட்டுக்குக் கொண்டுபோய், கார் ஷெட்டில் ஒரு கைப்பிரஸ்ஸை வைத்து, மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கடைத் தோட்டாவைவிட மலிவு என்பதுதான் அந்தப் பழக்கத்தின் ஆதி நியாயம். கடந்த சில ஆண்டுகளில் அந்த நியாயம் ஆட்டம் கண்டிருக்கிறது. ஏன் என்பதற்கான விடை பொருளாதாரத்தில் பாதியும் வேதியியலில் பாதியும் இருக்கிறது. தோட்டா நான்கு பொருள்களின் சேர்க்கை: கேஸ், பிரைமர், மருந்து, குண்டு. சுட்டபின் திரும்பக் கைக்கு வருவது கேஸ் ஒன்றுதான். மற்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். மிஞ்சுகிற பொருளை மட்டும் சேமிக்க முடியும். விலை ஏறியதோ பெரும்பாலும் எரிந்து போகிற பொருள்களில்.

முதலில் மிஞ்சுகிற பொருள். ஒரு குப்பிக்கு இரும்பு போதாதா, ஏன் பித்தளை? விசையை இழுத்ததும் கேஸுக்குள் உண்டாகும் அழுத்தம் ராணுவ ரைஃபிளில் சதுர சென்டிமீட்டருக்கு 3,500 கிலோவைத் தாண்டும். இதெல்லாம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான நேரத்துக்குள் நடந்து முடிகிறது. அந்த அழுத்தத்தில் கேஸின் மெல்லிய சுவர் உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. குக்கர் மூடியில் கேஸ்கெட் செய்கிற வேலைதான்: சூடான வாயு பின்பக்கமாக, சுடுகிறவரின் முகத்தை நோக்கி வராமல் அடைக்கிறது. அடைத்தால் மட்டும் போதாது. குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் கேஸ் கொஞ்சம் சுருங்கி அறைச் சுவரை விட்டு விலக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே இறுகிக்கொள்ளும்.

இந்தச் சுருக்கம் உலோகத்தின் இரண்டு குணங்களைப் பொறுத்தது. எவ்வளவு விசை வரை அது நிரந்தரமாக நெளியாமல் தாங்கும் என்பது ஒன்று. எவ்வளவு எளிதாக நீண்டு கொடுக்கும் என்பது இன்னொன்று. முதலாவது அதிகமாகவும் இரண்டாவது தாராளமாகவும் இருக்கும் உலோகம் நன்றாகத் திரும்பிச் சுருங்கும். பித்தளையின் விறைப்பு எஃகினுடையதில் ஏறக்குறைய பாதி. எனவே ஒரே அளவு விசையில் அது எஃகைப் போல இரண்டு மடங்கு நீண்டு, விட்டதும் அந்த அளவுக்குத் திரும்பி வருகிறது. எஃகுக் கேஸ்களும் உலகில் உண்டு. ரஷ்யா பல கோடி செய்திருக்கிறது. ஆனால் அவற்றை மறுபடி நிரப்புகிறவர்கள் அபூர்வம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்லவே வேண்டாம். தகட்டில் வட்டம் வெட்டி, பஞ்ச் கருவியை வைத்து டைக்குள் அழுத்தினால் கிண்ணம். கிண்ணத்தை மறுபடி அழுத்தினால் நீளக் கிண்ணம். இப்படி நான்கைந்து இழுப்பில் குழாய். டீப் டிராயிங் என்று அங்கே சொல்லும் அதே வேலை. ஒவ்வோர் இழுப்பிலும் பித்தளை கடினமாகிக்கொண்டே போகும். அதற்குள் இருக்கும் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித்தான் உலோகம் உருமாறுகிறது. வழுக்க வழுக்க அடுக்குகளின் பிசகுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. பிறகு வழுக்க இடமில்லை. இன்னும் இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் நடுநடுவே உலையில் வைத்துச் சூடாக்கி இளக்குகிறார்கள், அதுதான் அனீலிங். ராணுவத் தோட்டாவின் கழுத்தை உற்றுப் பார்த்தால் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு கறை தெரியும். துருவென்று நினைத்துவிடக் கூடாது. கழுத்தை மட்டும் கடைசியாக இளக்கியதன் அடையாளம் அது. பிற்பகுதி கடினமாகவும் வாய்ப்பகுதி மிருதுவாகவும் இருக்க வேண்டும். ஒரே துண்டு உலோகத்தில் இரண்டு குணம்.

வீட்டில் மறுநிரப்பு செய்கிறவர் ஒவ்வொரு முறை உப்பிய கேஸைப் பழைய அளவுக்கு அழுத்தும்போதும் கழுத்து மறுபடி கடினமாகிறது. ஐந்து முறையோ பத்து முறையோ போனதும் கழுத்தில் கோடு விழும். பித்தளை மிஞ்சும் என்று சொன்னேனே, அதுவும் சாசுவதமாக மிஞ்சுவதில்லை.

பித்தளை கிழிவதைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்தியாவுக்கு ஒரு விசேஷ இடம் உண்டு. ஆங்கிலேய ஆட்சியில், மழைக்காலத்தில் படை நடவடிக்கை குறைவாக இருக்கும்போது தோட்டாக்களை வறண்ட பருவம் வரும்வரை கிடங்கில் போட்டு வைப்பார்கள். பல இடங்களில் கிடங்கு என்பது குதிரை லாயம். பருவம் மாறி எடுத்துப் பார்த்தால் ஒருமுறைகூடச் சுடாத தோட்டாக்களின் கழுத்தில் நீளவாக்கில் பிளவு. யாரும் தொடவில்லை, எதுவும் மேலே விழவில்லை. பருவத்தோடு வந்த நோய் என்பதால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். மழை ஈரத்தையும் வெயிலையும் சந்தேகப்பட்டார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1921-இல் குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா.

அம்மோனியா மட்டும் தனியாக அதைச் செய்யவில்லை என்பதுதான் இதில் ருசியான பகுதி. டீப் டிராயிங்கில் இழுத்துச் செய்த கேஸுக்குள், முறுக்கிக் கட்டிய கயிறு போல ஓர் இழுவிசை உறைந்து கிடக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. ஈரக்காற்றில் கலந்த அம்மோனியா செம்போடு சேர்ந்து கரையும் சேர்மத்தை உண்டாக்கி, உலோகத் துகள்களின் எல்லைக்கோடுகளை மெதுவாக அரிக்கிறது. அரித்த இடத்தில் உள்ளே உறைந்திருந்த விசை பிளவை இழுத்துத் திறக்கிறது. திறந்த பிளவுக்குள் அம்மோனியா இன்னும் ஆழமாகப் போகிறது. விசை இல்லாத பித்தளை லாயத்தில் கிடந்தாலும் கறுத்துப் போகுமே தவிரப் பிளக்காது. தீர்வு எளிது: செய்து முடித்தபின் மிதமான சூட்டில் வைத்து அந்த உள்விசையைத் தளர்த்திவிடுவது. உலோகவியல் மாணவர்கள் இன்று விசையரிப்புப் பிளவு என்று படிக்கும் பாடத்தின் முதல் எடுத்துக்காட்டு, நம் ஊர் மழையில் நம் ஊர் லாயத்தில் கிடைத்தது. பித்தளைக் குழாய் இணைப்பை மாட்டுத் தொழுவத்தின் பக்கத்தில் பொருத்திவிட்டு, தண்ணீர் கசிகிறதே என்று பிளம்பரைத் திட்டுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இனி எரிகிற பொருள்கள். கேஸின் பின்புறம் நடுவில் இருக்கும் சின்னத் தொப்பிதான் பிரைமர். ஊசி மோதினால் தீப்பொறி கக்கும். இதற்கு மூலவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சித் பறவை வேட்டைப் பிரியர். அன்றைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் குண்டு கிளம்புவதற்கு முன்பே வெளியில் ஒரு மின்னல் தெரியும், பறவை பறந்துவிடும். அடித்தால் வெடிக்கும் உப்பை வைத்து அந்தத் தாமதத்தை ஒழித்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வந்த பாதரச ஃபல்மினேட் தொப்பிகள் நூறாண்டு ஓடின. ஆனால் வெடித்தபின் மிஞ்சும் பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கும் பண்டமாக்கிவிடும். அந்தக் கேஸை மறுபடி நிரப்பினால் ஆபத்து. இன்றைய பிரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட், பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு ஆகியவை இருக்கின்றன. பித்தளைக்கு நல்லது, மூச்சிழுக்கிறவருக்கு ஈயப் புகை.

வடிவத்திலும் ஒரு வேடிக்கை. ஆங்கிலேய ராணுவத்தின் கர்னல் பாக்ஸர் செய்த பிரைமர் முறையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்கரான பெர்டன் செய்த முறையை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. பாக்ஸர் முறையில் கேஸின் அடியில் நடுவில் ஒரே துளை. மேலிருந்து ஒரு கம்பியை விட்டால் பழைய பிரைமர் உதிர்ந்துவிடும். பெர்டன் முறையில் இரண்டு சிறு துளைகள், அதுவும் ஓரத்தில். பழையதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டு மறுநிரப்பு அமெரிக்காவின் பழக்கமாக வளர்ந்து ஐரோப்பாவில் அந்த அளவுக்குப் பரவாததற்குத் துப்பாக்கிச் சட்டங்களோடு இந்த ஒற்றைத் துளைக்கும் பங்கு உண்டு.

பிரைமர் செய்யும் ஆலைகள் உலகிலேயே கொஞ்சம்தான். ஈரமாக இருக்கும்போது பிசைந்து காய்ந்ததும் வெடிக்கும் பொருளைக் கோடிக்கணக்கில் செய்ய எல்லாரும் முன்வர மாட்டார்கள். 2020-க்கு முன்பு அமெரிக்காவில் ஆயிரம் பிரைமர் 30, 35 டாலருக்குக் கிடைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் துப்பாக்கி வாங்குகிறவர்கள் திடீரென்று பெருகினார்கள். ஆலைகள் பிரைமரைத் தங்கள் சொந்தத் தோட்டாவுக்கே வைத்துக்கொண்டன. சில்லறை விலை இரண்டு மடங்கைத் தாண்டி ஏறியது. அதன்பின் 2024 செப்டம்பரில் சீனா ஆன்டிமனி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அந்த ஒரே ஆண்டில் ஆன்டிமனி மூன்று மடங்கு விலையானது. பிரைமருக்குள் மட்டுமா ஆன்டிமனி இருக்கிறது? குண்டு ஈயத்தையும் 12 போர் தோட்டாவின் ரவையையும் கெட்டிப்படுத்துவதற்குச் சேர்ப்பதும் அதுதான். பாதரசம் போனதால் வந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

மருந்துக்கு வருவோம். பழைய கரிமருந்து போய் இப்போது புகையில்லா மருந்து. பெயர் எப்படி இருந்தாலும் அது பஞ்சு. பருத்தியின் செல்லுலோஸை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் நனைத்தால் நைட்ரோசெல்லுலோஸ். 1846-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோன்பைன் அதைக் கண்டுபிடித்தபோது தொட்டால் வெடிக்கும் பண்டமாக இருந்தது. 1884-இல் பால் வியேல் என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பசையாக்கி, மெல்லிய ஏடாக உருட்டி வெட்டி அடக்கினார். பஞ்சாக இருக்கும்போது உள்ளேயும் வெளியேயும் ஒரே சமயம் எரிகிறது. ஏடாக இருக்கும்போது மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி முறையாக எரிகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது வேதியியலைவிட வடிவம். குண்டு குழாயில் முன்னேற முன்னேறப் பின்னால் இடம் பெரிதாகிறது. அதற்கு ஈடு கொடுக்கும் வேகத்தில் வாயு வர வேண்டும். எனவே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு ஏட்டின் தடிமன். அளவு சற்றே கூடினாலும் அழுத்தம் அதே விகிதத்தில் கூடாமல் அதைவிட அதிகமாகத் துள்ளும். அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும், வேகம் கூடினால் அழுத்தம் இன்னும் கூடும். வீட்டு மறுநிரப்பில் விரல் இழந்தவர்களின் கதைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

இந்த மருந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு நூற்றாண்டைத் தாண்டியது. நீலகிரியில் வெலிங்டனுக்கு அருகே அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. மலைரயிலில் போகிறவர்கள் அருவங்காடு நிலையத்தில் அதன் சுற்றுச்சுவரைப் பார்த்திருப்பார்கள். மருந்து செய்ய மலைக்கு ஏன் போனார்கள் என்றால், நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸுக்குச் சூடு ஆகாது. மெல்ல மெல்லச் சிதைந்து அமிலப் புகை விடும். அந்தப் புகையே சிதைவை மேலும் தூண்டும். சென்னை வெயிலில் செய்வதைவிட ஆறாயிரம் அடி உயரக் குளிரில் செய்வது புத்திசாலித்தனம். காட்டேரி அருவியிலிருந்து மின்சாரமும் எடுத்துக்கொண்டார்கள். 2021 அக்டோபரில் ராணுவத் தளவாட வாரியத்தை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது அருவங்காடு, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியாவுக்குப் போனது. டேங்க் தொழிற்சாலைகளுக்கான நிறுவனத்தின் தலைமையிடம் ஆவடிக்கே வந்தது.

எந்தப் பஞ்சு வேண்டுமானாலும் ஆகுமா? நூல் நூற்கிற நீளப் பஞ்சைக் கொளுத்துவது யாருக்கும் கட்டுப்படியாகாது. ஜின்னிங்கில் பஞ்சைப் பிரித்தபின் பருத்திக்கொட்டையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை நாருக்கு லின்டர் என்று பெயர். நூலுக்கு உதவாது, ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ் என்பதால் அமிலத்துக்கு உகந்தது. முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்டில், பிரிட்டன் பருத்தியைத் தடைசெய்த போர்ப்பொருளாக அறிவித்து ஜெர்மனிக்குப் போகாமல் கப்பல்களை மறித்ததும் இதற்காகத்தான். ஜெர்மானியர்கள் மரக்கூழுக்கு மாறிச் சமாளித்தார்கள். நூறாண்டு கழித்து உக்ரைன் போரில் பீரங்கிக் குண்டுக்கு மருந்து போதாமல் ஐரோப்பா தடுமாறியபோது, லின்டரில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது என்பதை அங்கிருந்தவர்கள் கொஞ்சம் தாமதமாகக் கவனித்தார்கள். மரக்கூழ் இருக்கிறது, ஆனால் அதை நைட்ரேட் ஏற்றும் ஆலைகள் எண்ணிக்கையில் குறைவு. புதிதாக ஓர் ஆலை எழுப்பச் சில ஆண்டுகள் ஆகும்.

பீரங்கிகளின் அந்த மருந்துப் பசி கடைசி வரிசையில் நிற்கிறவனைத்தான் முதலில் அடித்தது. 155 மி.மீ. பீரங்கிக்கு மருந்து வேண்டும் என்று அரசு கேட்கும்போது, கார் ஷெட்டில் டப்பா டப்பாவாக வாங்குகிற ஆளை எந்த ஆலை மதிக்கும்? 2024-இல் அமெரிக்காவின் விஸ்டா அவுட்டோர் நிறுவனம் உலகளாவிய மருந்துத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி விலையை ஏற்றியது. அப்போது அதன் அலயன்ட் பெயரில் வந்த சில்லறை மருந்து கொஞ்ச காலம் வெளியே வரவே இல்லை. 2020-க்கு முன் பவுண்டு 25, 30 டாலருக்கு விற்ற மருந்து 45, 50 என்று ஏறியது. சிறு ரைஃபிள் தோட்டாவுக்கு ஒரு பவுண்டு ஏறக்குறைய 275 முறை வரும் என்று வைத்தால், ஒரு தடவைக்கு மருந்துச் செலவு 10 சென்டிலிருந்து 17, 18 சென்ட். பிரைமர் 3 சென்டிலிருந்து 8. எரிந்து போகிற இரண்டு பொருள்களுக்கு மட்டும் 13 சென்ட் இருந்த இடத்தில் 26. பொறுக்கி எடுத்த பித்தளை இலவசமாகவே இருக்கட்டும். இலவசத்தின் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? மொத்தமாகத் தோட்டா செய்யும் பெரிய ஆலைகள் பலவும் பிரைமரைத் தாங்களே செய்துகொள்கின்றன. விலையேற்றத்தின் எடை அதிகம் விழுவது சில்லறையாக வாங்குகிறவர் தோளில். பழைய மறுநிரப்பாளர்கள் தங்களுக்குள் கிண்டலடிப்பார்கள்: இதில் காசு மிச்சமாகாது, அதே காசுக்கு அதிகம் சுடலாம், அவ்வளவுதான். இப்போது அதுவும் குறைந்துவிட்டது.

இந்தியாவில் இந்தக் கணக்கே எழுவதில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவுக்குத் தரும் வரையறை விசாலமானது. மருந்தும் ஃபியூஸும் மட்டுமல்ல, தோட்டாவின் உதிரிபாகமும் தோட்டா செய்யும் இயந்திரமும்கூட அதில் அடக்கம். அமெரிக்கக் கடையில் கார் ஜாக்கியின் பக்கத்தில் விற்கும் அந்தக் கைப்பிரஸ், இங்கே சட்டத்தின் கண்ணில் தோட்டாவேதான். உரிமமின்றித் தோட்டா தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரை போகலாம். உரிமம் வைத்திருப்பவருக்கும் ஆண்டுக்கு எத்தனை ரவுண்டு வாங்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

சட்டம் விட்டாலும் இயற்பியல் விடாது. நம் ரைஃபிள் கிளப்களில் அதிகம் சுடப்படுவது பாயிண்ட் டூ டூ (.22) தோட்டா. அதில் தனிப் பிரைமர் கிடையாது. வெடிக்கும் பசை கேஸின் விளிம்புக்குள்ளேயே பூசியிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது. நசுங்கிய விளிம்பை நிமிர்த்திப் பசையைத் திரும்பப் பூசுவது நடைமுறையில் ஆகாத காரியம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் கேஸே இல்லை. மிஞ்சுவது 12 போர். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கிய டிராப் போட்டியில் தகுதிச் சுற்றுக்கு 125 தட்டுகள். தட்டுக்கு இரண்டு முறை வரை சுடலாம். ஒவ்வொரு தோட்டாவிலும் 24 கிராம் ஈய ரவை. பயிற்சிக்கு இதைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டாவின் உடல் பிளாஸ்டிக். பித்தளை அடியில் ஒரு பட்டை அளவுக்குத்தான். மிச்சம் பிடிக்க அதில் பித்தளை அதிகம் இல்லை.

வீட்டில் நிரப்பிச் சுடும் கலை நம்மிடம் இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. ஆவடியிலேயே அதன் வாரிசுகள் வாழ்கிறார்கள். நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியில் கேஸ் என்ற ஒன்றே கிடையாது. வாய் வழியாக மருந்தை இட்டு, தக்கை வைத்துக் கெட்டித்து, பால்ரஸ் குண்டைப் போட்டு, பின்னால் கேப் மாட்டிச் சுடுவது. பாதிரியார் ஃபோர்சித்தின் கண்டுபிடிப்பு அந்தக் கேப்பில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்கில் மூன்று பொருள் போகும். மிஞ்சுவதற்கு நான்காவது இல்லவே இல்லை என்பதால் பொறுக்கவும் வேண்டாம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டைக்கு இடமில்லாமல் போனது. இன்று பெரும்பாலானவர்கள் ஊசி, மணி, பாசி விற்கிறார்கள். 2022 ஏப்ரலில் முதலமைச்சர் ஆவடிக் குடியிருப்புக்கு வந்து போனதும், 2023-இன் தொடக்கத்தில் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்ததும் செய்தித்தாள்களில் வந்தன. அவர்களைக் குற்றவாளிகளாகவே பார்த்துப் பழகிய ஊரில், துப்பாக்கித் தொழில்நுட்பத்தின் ஒரு நூற்றாண்டைக் கையில் வைத்திருந்தவர்கள் என்று யாரும் எழுதவில்லை.

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையின் பக்கம் வந்தால் பித்தளைக் கதைக்கு இன்னொரு திருப்பம் கிடைக்கும். 1965-இல் அங்கிருந்து வெளிவந்த முதல் விஜயந்தா டேங்கின் 105 மி.மீ. பீரங்கி, ஆளுயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் கேஸைச் சுட்டதும் உள்ளேயே கக்கும். புகையடைத்த கூண்டுக்குள் சூடான உலோகம் உருளும். பெரிய பீரங்கிகளின் கேஸ்களைத் திருப்பி அனுப்பி மறுபடி நிரப்பும் வழக்கம் ராணுவங்களில் உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டனின் 18 பவுண்டர் கேஸ்கள் பலமுறை போய் வந்தன, எத்தனையாவது முறை என்பது அடியில் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். அதே ஆவடியில் ராணுவ வாகன ஆய்வு நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்த அர்ஜுன் டேங்கின் 120 மி.மீ. தோட்டாவில் இந்தப் பிரச்சினையே இல்லை. கேஸின் பெரும்பகுதி எரிந்து போகும் பொருளால் ஆனது. சுட்டபின் அடிப்பகுதித் துண்டு மட்டும் விழும். எடை குறைவு, கூண்டில் நெரிசல் குறைவு, பித்தளைச் செலவு பெரும்பாலும் இல்லை. ஆனால் எரிந்து மறையும் அந்தக் கேஸ் எதனால் செய்வது? காகிதக்கூழ் போன்ற நார் கலந்த நைட்ரோசெல்லுலோஸால்தான். பித்தளையைக் கழித்த இடத்தில் பஞ்சைக் கூட்டியிருக்கிறோம். ஈரத்துக்கும் தீக்கும் அது பயந்த பிறவி என்பதால் பாதுகாக்கவும் தனிச் செலவு.

பஞ்சுக்குப் போட்டியாளர்கள் வேறு இருக்கிறார்கள். அம்பத்தூர் ஹார்டுவேர் கடையில் என்.சி. லாக்கர், என்.சி. தின்னர் என்று கேட்டு வாங்குகிற தச்சரும் பெயின்டரும் அந்த இரண்டு எழுத்தை விரித்துப் பார்ப்பதில்லை, அது நைட்ரோசெல்லுலோஸ். நைட்ரஜன் அளவு குறைவு, குணம் சாது, தாய் மட்டும் ஒன்று. அச்சு மையிலும் நகப்பூச்சிலும் இருப்பதும் அதன் உறவுக்காரர்கள்தான். ஆலை ஒன்றே என்றால் போர்க்காலத்தில் யாருக்கு முதலில் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

உலகில் பருத்தி அதிகம் விளையும் நாடுகளில் ஒன்றான இந்தியாவில் லின்டருக்கு ஏன் பஞ்சம் என்று கேட்கலாம். நம் செக்குகளும் எண்ணெய் ஆலைகளும் பெரும்பாலும் பருத்திக்கொட்டையைக் குட்டை நாரை நீக்காமல் அப்படியே ஆட்டிவிடுகின்றன. நார் புண்ணாக்கோடு போகிறது. ஆட்டாத கொட்டையோ ஊறவைத்த நிலையில் நேராகக் கறவை மாட்டின் தொட்டிக்குப் போகிறது. கொஞ்சம் மதுரைப் பக்கம் பருத்திப்பாலாகவும். வேறெங்கும் அமிலத்தில் நனைந்து பீரங்கிக்குள் போகும் செல்லுலோஸை, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு அசைபோடும் மாடு, இரைப்பையின் நுண்ணுயிர்களைக் கொண்டு உடைத்துப் பாலாக்குகிறது. லின்டரைப் பிரித்தெடுக்கும் ஆலைகளை இங்கே பெருக்க வேண்டும் என்று தொழில்துறையினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாட்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது.